ஊஞ்சலுக்கும் டிவிக்கும் நடுவே பத்தடி: ஃபுல் எச்டியா, 4கே-யா?

கும்பகோணத்துக் கடைகளில் டிவி வாங்க வருகிறவர் திரைக்கு இரண்டடி தள்ளி நின்று பார்க்கிறார். வீட்டுக்கு வந்த பிறகு அதே திரையைக் கூடத்து ஊஞ்சலில் அமர்ந்து பத்தடி தள்ளிப் பார்க்கிறார். ஃபுல் எச்டி போதுமா, 4கே வேண்டுமா என்பது பெரும்பாலும் இடையிலுள்ள இந்த எட்டடியைப் பொறுத்தது.

ஃபுல் எச்டி திரையில் படத்தை உருவாக்கும் நுண்புள்ளிகளான பிக்சல்கள் ஏறத்தாழ 20.7 லட்சம் உள்ளன. 4கே-யில் 83 லட்சம். கண் மருத்துவமனையின் எழுத்துப் பலகையில் 6/6 வரியைப் படித்துவிடுகிற கண், ஒரு பாகையில் (டிகிரி) அறுபதில் ஒரு பங்கு நுணுக்கத்தை, அதாவது பாகைக்கு 60 பிக்சலை, பிரித்தறியும். அதன்படி 43 அங்குல ஃபுல் எச்டி திரையின் பிக்சல்கள் ஐந்தரை அடிக்கு அப்பால் தனித்தனியாகத் தெரிவதில்லை. 2025-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கண்ணின் திறன் இதைவிடக் கூடுதல், சராசரியாகப் பாகைக்கு 94 பிக்சல் என்று அளந்து சொன்னார்கள். அதை ஏற்றுக்கொண்டாலும் எல்லை எட்டே முக்கால் அடிக்கு நகருகிறதே தவிர, ஊஞ்சல் வரை வருவதில்லை. 55 அங்குலத் திரைக்கு அந்த எல்லை பதினோரு அடியாகிறது. அங்கே 4கே வாங்குவதில் நியாயம் உண்டு. அதைவிடவும் கூடுதல் பிக்சல் கொண்ட 8கே எங்கள் பக்கத்து வீடுகளுக்குத் தேவையே இல்லை.

கணக்கை நம்பாமல், தை அறுவடை முடிந்த ஓய்வில், தம்பியின் புதிய 43 அங்குல 4கே டிவியையும் எங்கள் பழைய ஃபுல் எச்டி டிவியையும் அருகருகே வைத்து, ஒரே வயல் காட்சியை ஓட்டினோம். இரண்டடியில் நின்றபோது வைக்கோல் போரின் தாள்கள் 4கே-யில் இழை இழையாகப் பிரிந்து தெரிந்தன. மற்றதில் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. ஊஞ்சலிலிருந்து பார்த்த அத்தை பழைய டிவியே நன்றாக இருப்பதாகச் சொன்னார். அதில் கறுப்பு கறுப்பாகவே இருந்தது, புதியதில் சாம்பல் பூத்திருந்தது. அந்த வேறுபாடு கூர்மையைவிட முன்னதாகக் கண்ணில் பட்டுவிடுகிறது. ஆகவே அதே விலையில் பிக்சலா, ஆழமான கறுப்பா என்று வந்தால், நான் கறுப்பின் பக்கமே நிற்பேன்.

டிவியை மாற்றுவதற்கு முன் சேனலை மாற்றிப் பார்ப்பது நல்லது. கேபிளில் வரும் சாதாரண சேனல்கள் 576 பிக்சல் வரிகள் மட்டுமே கொண்டவை, அதிலும் இறுகச் சுருக்கி அனுப்பப்படுகிறவை. ஒரு வாய்ப்பாட்டுக் கச்சேரியைச் சாதாரண சேனலில் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அதே டிவியில் எச்டி சேனலுக்கு மாற்றினேன். ஊஞ்சலை நிறுத்திவிட்டு அத்தை சொன்னார்: "தம்புரா கம்பி நாலும் தெரியுதே!"