புகையில்லா அடுப்பும் ஒரு பாழாய்ப்போன எல்போவும்

குடியாத்தத்தில் வீடு கட்டிக்கொண்டிருக்கும் என் நாத்தனார் போனில் கேட்டாள்: “அண்ணி, சிலிண்டர் கட்டுப்படியாகல. உங்க வீட்டு மாதிரியே பின்கட்டுல புகையில்லா அடுப்பு போட்டுடலாமா?” விரிசல் விட்ட புகைக்குழாயை மாற்றிய கையோடு இருந்தேன். ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. இருந்தாலும் நியாயமாகவே சொல்லப் பார்க்கிறேன்.

புகையைக் குழாய் வழியாக வெளியே அனுப்பும் இந்த விறகடுப்பு தங்கமான அடுப்பு. ஒடுகத்தூர்ப் பக்கம் எங்கள் வீட்டில் தினமும் எரிகிறது. முன் கண்ணில் களி கிண்டும்போதே, குழாய்க்குப் போகிற சூடு பின் கண்ணில் இருக்கும் தவலைத் தண்ணீரைக் காய்ச்சிக் கொடுத்துவிடும். மார்கழியில் வெந்நீருக்கென்று தனியாக விறகு வைத்ததே இல்லை. இதை நான் எதிர்பார்க்கவேயில்லை. கண் எரிச்சலும் கிடையாது. பின் கண்ணை மட்டும் பாத்திரமில்லாமல் திறந்து விடக்கூடாது. விட்டால் புகையை மேலே இழுக்கும் குழாயின் இழுப்பு போய், புகை வீட்டுக்குள்ளேயே திரும்பும்.

குழாய்தான் என் உயிரை எடுக்கிறது. தளத்தில் துளை போட்டால் மழைக்கு ஒழுகும் என்று மேஸ்திரி அதைச் சுவர் வழியாக வெளியே திருப்பி, அங்கிருந்து மேலே ஏற்றிவிட்டார். குழாய் திரும்புகிற அந்த எல்போ வளைவில்தான் எல்லாக் கரியும் வந்து உட்காருகிறது. விறகுப்புகையில் நீராவியும் தாரும் கலந்திருக்கும். வெளிச்சுவர்க் குழாயில் ஏறும்போது அது குளிர்ந்து உள்ளே படிந்துவிடும். காய்ந்த விறகின் கரி என்றால் பொடியாக இருக்கும், கயிற்றில் கோணியைக் கட்டி இழுத்தால் உதிர்ந்துவிடும். ஐப்பசி மழையில் நனைந்த விறகின் கரியோ கருப்புக் கண்ணாடி போலப் பளபளவென்று ஒட்டிக்கொள்ளும். நகத்தால் கீறினாலும் வராது. கோணி அந்த வளைவில் திரும்பவும் திரும்பாது.

தீப்பிடிப்பதும் அதுதான். ஒரு நாள் ராத்திரி குழாய்க்குள் ‘கும்’மென்று இரைச்சல், உச்சியில் பொறி பறக்கிறது. எரிகிற கொள்ளிகளை வெளியே இழுத்துப்போட்டு, அடுப்பு வாயைத் தகரத்தால் மூடிக் காற்றை நிறுத்திய பிறகுதான் அடங்கியது. அந்தச் சமயத்தில் குழாய்க்குள் தண்ணீர் ஊற்றக்கூடாது, வெடித்துவிடும். எங்களுடையது பழைய ஆஸ்பெஸ்டாஸ் பைப், சூட்டிலேயே விரிசல் விட்டது. சுத்தம் செய்ய வந்தவர் இரும்புக் கம்பியால் அதைச் சுரண்டப் போனார், நான் விடவில்லை. அந்தத் தூசி நுரையீரலுக்கு எமன்.

விறகு விஷயத்தில் கறாராக இருக்க வேண்டும். எங்கள் பக்கம் வேலிகாத்தான்தான் (சீமைக்கருவேலம்) அதிகம். கோடையிலேயே வெட்டிப் பிளந்து, காற்றோட்டமாகத் தகரக்கொட்டகையில் அடுக்கிவிட வேண்டும். ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே வந்தால்தான் நன்றாக எரியும். இரண்டு கட்டையைத் தட்டினால் ‘டங்’ என்று கேட்கணும், ‘தொப்’பென்று கேட்டால் ஈரம். அப்புறம், குளிர்கிறதென்று கதவு ஜன்னலைச் சாத்திவிட்டுத் தணல் பக்கத்தில் யாரும் படுக்க வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை.

நாத்தனாருக்கு இன்றைக்கு என் பதில், வேண்டாம் என்பதுதான். இவ்வளவு புகழ்ந்துவிட்டு இப்படிச் சொல்கிறேனே என்று அவள் நினைக்கலாம். எல்போ இல்லாமல், தளத்தைத் துளைத்து நேராக மூன்றடி மேலே ஏற்றித் தருகிறேன் என்று அவள் மேஸ்திரி ஒத்துக்கொண்டால் திரும்பக் கூப்பிடட்டும், பேசலாம்.