ஆம்ட்ராக் நெடுந்தூர ரயில்: கோச்சா, ரூமெட்டா?

அமெரிக்காவில் ஆம்ட்ராக் என்ற பயணிகள் ரயில் நிறுவனத்தின் நெடுந்தூர ரயில்களில் பல வருடங்களாக கோச் (இருக்கை மட்டும் உள்ள பெட்டி), ஸ்லீப்பர் (படுக்கை அறைகள் உள்ள பெட்டி) இரண்டிலும் மாறி மாறிப் போய் வருகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரே ஒரு இரவு என்றால் கோச் தாராளமாகப் போதும், இரண்டாவது இரவும் சேர்ந்தால் ரூமெட், அதாவது ஸ்லீப்பரில் இரண்டு பேர் படுக்கும் சின்ன அறை, எடுங்கள், அதுவும் இரண்டு பேராகப் போகிறீர்கள் என்றால் யோசிக்கவே வேண்டாம்.

கோச் என்றதும் பலர் விமான இருக்கையை நினைத்துப் பயந்துவிடுகிறார்கள். அது வேறு, இது வேறு. மேற்குப் பக்கம் ஓடும் சூப்பர்லைனர் இரட்டை மாடிப் பெட்டிகளில் ஒரு வரிசைக்கு இரண்டிரண்டாக நான்கு இருக்கைகள்தான், நடுவில் மாட்டிக்கொள்ளும் பேச்சே இல்லை. காலை முழுசாக நீட்டலாம். கெண்டைக்காலைத் தாங்க இருக்கையின் அடியிலிருந்து ஒரு பலகை மேலே வரும், முன் இருக்கையின் பின்னால் பாதம் வைக்க இன்னொன்று, முதுகும் நன்றாகவே சாயும். பகல் முழுக்க உட்கார்ந்து வர இதைவிட நல்ல இடம் ரூமெட்டில்கூடக் கிடையாது என்பேன்.

இரவுதான் சோதனை. தூக்கம் வராது என்றில்லை, வரும், ஆனால் துண்டு துண்டாக வரும். நடுராத்திரியில் ஏதோ ஒரு ஊரில் ரயில் நிற்கும், புதிதாக ஏறுபவர்கள் பெட்டிகளை இழுத்துக்கொண்டு வருவார்கள், கண்டக்டர் அவர்கள் இறங்கும் ஊரின் குறியீட்டைச் சீட்டில் எழுதி இருக்கைக்கு மேலே செருகிவிட்டுப் போவார், பக்கத்து இருக்கை காலி என்று காலை நீட்டியிருந்தால் அதுவும் போச்சு. போர்வை, காது அடைப்பான், கழுத்துத் தலையணை மூன்றையும் கையோடு கொண்டுபோய்விடுங்கள். முதல் இரவு உடம்பு தாங்கிக்கொள்ளும். இரண்டாவது இரவும் அப்படியே போனால் மறுநாள் ஜன்னலுக்கு வெளியே என்ன இருந்தாலும் மனசு ஒட்டாது.

சரி, ரூமெட். பெயரைக் கேட்டு அறை என்று பெரிதாகக் கற்பனை செய்யாதீர்கள். அகலம் மூன்றரை அடி, நீளம் ஆறரை அடி, அவ்வளவுதான். எதிரெதிரே இரண்டு இருக்கைகள், நடுவில் மடக்கு மேசை. ராத்திரி பணியாளர் வந்து இரண்டு இருக்கைகளையும் இழுத்து ஒன்று சேர்த்து, மேல் படுக்கையில் மடித்து வைத்திருக்கும் மெத்தையை எடுத்து அதன்மேல் விரிப்பார், சில நிமிட வேலை. கீழ்ப் படுக்கை 28 அங்குலம் அகலம், மேல் படுக்கை 24 தான். மேலே படுப்பவர் உருண்டு விழாமல் இருக்கக் கூரையிலிருந்து பட்டை வலை மாட்டிக்கொள்ள வேண்டும், சூப்பர்லைனரில் மேலே ஜன்னலும் கிடையாது, நிமிர்ந்து உட்காரவும் முடியாது. மூடிய இடம் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு மேல் படுக்கை வேண்டவே வேண்டாம். கதவை உள்ளிருந்து தாழிடலாம், வெளியிலிருந்து பூட்ட முடியாது, அதனால் பணத்தையும் பாஸ்போர்ட்டையும் உங்களோடே வைத்துக்கொள்ளுங்கள்.

இத்தனை இடுக்கமாக இருந்தும் நான் ஏன் அதைச் சொல்கிறேன் என்றால், படுக்கை மட்டும் காரணமில்லை. ஒரு கதவை இழுத்து மூடி, திரையையும் போட்டுவிட்டு, பகல் இரண்டு மணிக்கு முதுகை நேராக்கிப் படுக்க முடிகிறது பாருங்கள், நீண்ட பயணத்தில் அதற்கு ஈடே இல்லை. அப்புறம் குளியல். சூப்பர்லைனர் ஸ்லீப்பர் பெட்டியின் கீழ்த்தளத்தில் எல்லாருக்கும் பொதுவாக ஷவர் உண்டு, இரண்டாம் நாள் காலையில் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தால் பயணமே புதிதாகத் தொடங்கியதுபோல் இருக்கும்.

காசு விஷயம். அறைக் கட்டணம் ஆளுக்கு அல்ல, அறைக்கு. இரண்டாவது ஆள் சேர்ந்தால் அவருடைய சாதாரணப் பயணக் கட்டணம் மட்டும்தான் கூடும், சாப்பாடு இருவருக்குமே அதில் அடக்கம். தேதி நெருங்க நெருங்கவும் தேவையைப் பொறுத்தும் விலை ஏறும் என்பதால் சீக்கிரம் பதிவது நல்லது.

காட்சிக்காக ரூமெட் எடுக்கிறேன் என்று யாராவது சொன்னால் மட்டும் நான் தடுப்பேன். அறைக்கு ஒரு பக்கம்தான் ஜன்னல். கூரை வரை கண்ணாடி போட்ட சைட்சீயர் லௌஞ்ச் பெட்டி கோச் பயணிகளுக்கும் திறந்தே இருக்கிறது. சிகாகோவிலிருந்து எமரிவில் வரை இரண்டு இரவு ஓடும் கலிபோர்னியா ஜெஃபிரில், டென்வர் தாண்டி ராக்கி மலை ஏறும்போது, 1928-இல் திறந்த ஆறு மைல் மொஃபட் சுரங்கத்துக்கு முன்னும் பின்னும் எல்லாரும் அந்தப் பெட்டியில்தான் இருப்பார்கள். சீக்கிரம் போய் இடம் பிடியுங்கள்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழியும் உண்டு. அதே ரயிலில் சிகாகோவிலிருந்து டென்வர் வரை கோச், அங்கிருந்து ரூமெட் என்று தனித்தனி டிக்கெட்டாகப் பதியலாம், முதல் இரவு நெப்ராஸ்காவின் சமவெளி இருட்டில் கழிந்துவிடும், இரண்டாவது இரவுக்குப் படுக்கை கிடைக்கும். ரூமெட் பதியும்போது பெட்டியின் ஓரத்து அறை வேண்டாம், அது சக்கரத்துக்கு மேல் வரும். ஆட்டம் ஒத்துக்கொள்ளாதவர்கள் கீழ்த்தளம் கேட்கலாம், ஆனால் சாப்பிடப் போக ஒவ்வொரு முறையும் படியேற வேண்டும், முட்டிவலிக்காரர்கள் அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.