ஐக்ஹார்ன் அலங்கார பயனெட்: அலகு அசல், துணி புதிது

ஜெர்மானியப் படைவீரர்கள் பணி முடிந்து ஊருக்குள் செல்லும்போது இடையில் தொங்கவிடுவதற்காகச் சொந்தப் பணத்தில் வாங்கிய அலங்கார பயனெட்டுகளுள் (பயனெட் என்பது துப்பாக்கி முனையில் பொருத்தும் கத்தி) ஒன்றை, சோலிங்கன் நகரத்து ஐக்ஹார்ன் நிறுவனம் 1930களில் செய்ததை, ஒரு பழம்பொருள் வியாபாரியிடம் அண்மையில் வாங்கினேன். அழகுக்காகவே செய்யப்பட்ட கத்தி என்பதால் இதன் அலகு கூர் தீட்டப்படவில்லை. நிக்கல் பூச்சு, பிடியின் முனையிலுள்ள கழுகுத்தலைக் குமிழ், சிறுகட்டங்கள் பொறித்த கறுப்புப் பிடித்தகடுகள், அவற்றைப் பிணைக்கும் இரண்டு தறையாணிகள் ஆகிய யாவும் தேய்வின்றி இருந்தன. அலகின் அடிப்பகுதியில் வாளேந்தி அமர்ந்திருக்கும் அணிலான ஐக்ஹார்ன் நிறுவன முத்திரையைப் பூதக்கண்ணாடியில் பார்த்தபோது, போலிகளில் மழுங்கிப்போகும் வால்மயிர்க் கோடுகள்கூடத் துல்லியமாகத் தெரிந்தன.

குமிழின் பள்ளத்தில் பதித்திருந்த சிவப்புக் கம்பளித் துணி அசல் என்று விற்றவர் உறுதியளித்திருந்தார். ஆனால் புறஊதா விளக்கின் கீழ் அது பளிச்சென்று ஒளிர்ந்ததால், பிற்காலத்து இழை என்றே முடிவு செய்தேன். உறையின் நுனியுருண்டைக்கு அருகிலும் யாரோ அவசரமாகப் புதுக் கறுப்பு வண்ணம் தடவியிருந்தார்கள் (தூரிகையின் மயிர் ஒன்று அதிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது). இவற்றைச் சுட்டிக்காட்டியதும் பணத்தில் ஒரு பகுதியைத் திருப்பித் தர அவர் தயங்கவில்லை. அலகுக்காக மட்டுமே பார்த்தாலும், இறுதியில் கொடுத்த விலை எனக்கு நியாயமாகவே படுகிறது.