ரைஸ் லேக்குக்கு பிக்கரல் பிடிக்கப் போகிற ஆக்கள் முற்பணம் அனுப்ப முதல் இதை வாசியுங்கோ

ஏப்ரல் கடைசியில் பனி கரைந்ததும் எங்கட வட்ஸ்அப் குழுக்களில் மீன்பிடி விளம்பரங்கள் வரத் தொடங்கும். பெரிய மீனைத் தூக்கிப் பிடித்த ஒரு படம், கீழே "குடும்பமாக வாங்கோ, படகு, தூண்டில், இரை, லைசன்ஸ் எல்லாம் எங்கட பொறுப்பு" என்று ஒரு வரி. 2024 மே மாதம் அப்படியொன்றை நம்பிப் போய்ப் பட்டதைத்தான் எழுதுகிறேன். விளம்பரம் போட்டுக் கூட்டிப்போன ஆளின் பெயரை எழுதவில்லை. எழுதியும் பயனில்லை, பெயரை மாற்றிக்கொண்டு வருகிற ஆள்.

மீன்பிடி பழக்கமில்லாதவர்களுக்கு முதலில் இரண்டு வார்த்தை. புத்தகத்தில் வால்ஐ என்று போடுகிற மீனைத்தான் ஒன்ராறியோவில் எல்லாரும் பிக்கரல் என்கிறோம். வெள்ளைச் சதை, முள் குறைவு, பொரித்தால் சின்னப் பிள்ளைகளும் பயமில்லாமல் சாப்பிடுவார்கள். குளிர் முடிகிற நேரம் அது முட்டையிடும் என்பதால் அதுவரை பிடிக்கத் தடை. மீன்பிடிச் சட்டத்துக்காக ஒன்ராறியோவை வலயங்களாகப் பிரித்திருக்கிறார்கள், ரைஸ் லேக், கவார்த்தா ஏரிகள் எல்லாம் 17ஆம் வலயம். அங்கே தடை நீங்குவது மே மாதத்து இரண்டாவது சனி. பீற்றர்பரோப் பக்கம் அந்தச் சனிக்கிழமை கொடியேற்றம் மாதிரி, விடிய முதலே படகு இறக்குகிற இடமெல்லாம் வாகன வரிசை நிற்கும்.

2024இல் அது மே 11. நான், மச்சான், 71 வயது மாமா, 13 வயது மகன், நாலு பேர். பயணக் காசு 600 டொலர், அதில் பாதி முற்பணம். லைசன்ஸுக்கு ஆளுக்கு 25 டொலர்படி இன்னொரு 100. முற்பணத்தையும் இந்த 100ஐயும் இ-ட்ரான்ஸ்பரில் அனுப்பினேன். எங்கட ஆள், தமிழில் "அண்ணை, அண்ணை" என்று கதைக்கிறார், ஊர் கேட்டால் மனிசியின் ஊருக்குப் பக்கத்து ஊர் என்கிறார். வேறென்ன விசாரிக்கிறது என்று விட்டுவிட்டேன். இதே காசை ஒரு வெள்ளைக்காரனுக்கு அனுப்புவதென்றால் பத்துத் தரம் யோசித்திருப்பேன்.

அந்த 100 டொலரை இப்போது கணக்குப் பார்க்கச் சிரிப்புத்தான் வருகிறது. ஒன்ராறியோவில் மீன்பிடி லைசன்ஸ் தேவைப்படுவது 18 வயதிலிருந்து 64 வரை. மகனுக்குத் தேவையில்லை. மாமாவுக்கு வயதைக் காட்டும் அடையாள அட்டை சட்டைப் பையில் இருந்தால் போதும். மிச்சம் நானும் மச்சானும். அந்த வருடம் ஒரு நாள் லைசன்ஸ் 12 டொலர் 21 சதம், வரி தனி. அதையும் விடுங்கோ, அந்த வார இறுதி அன்னையர் தினம். அந்த இரண்டு நாளும் கனடாவில் இருக்கிறவர்கள் லைசன்ஸ் இல்லாமலே பிடிக்கலாம், கொண்டுபோகிற மீன் எண்ணிக்கை மட்டும் குறைவு. ஆக, ஒருவருக்குமே தேவைப்படாத ஒன்றை நாலு பேருக்கும் விற்றிருக்கிறார்.

11ஆம் திகதி காலமை 4 மணிக்குச் செய்தி வந்தது. "காத்து அதிகம் அண்ணை, ஏரி சரியில்லை, 25ஆம் திகதிக்கு மாத்துவம்." மகன் அப்போதே சப்பாத்துப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றான். ரைஸ் லேக் ஆழம் குறைந்த நீட்டு ஏரி, காற்று எழும்பினால் அலை கெதியாக வரும் என்பது உண்மை. அதனால் நல்ல மனிசன், பாதுகாப்புப் பார்க்கிறார் என்று மனிசியிடம் சொன்னேன். அவ ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் படுத்தா. அன்றைக்கு எங்களைவிடக் கூடக் காசு கொடுத்த வேறு கூட்டம் வந்திருக்கும் என்று மச்சான் இப்பவும் சொல்வான்.

25ஆம் திகதி 5:30க்குப் படகுத் துறையில் நிற்கச் சொன்னார். நின்றோம். அவர் வந்தபோது 9:40. இடையில் ரிம் ஹோர்ட்டன்ஸ் கோப்பி இரண்டு முறை முடிந்தது, மகன் காரில் ஒரு நித்திரை கொண்டான். மாமா மயிலிட்டியில் பிறந்து வளர்ந்தவர், இளவயதில் கடலுக்குப் போனவர். துறை ஓரத்தில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வெயில் ஏறுவதைப் பார்த்தபடி நின்றார். "இண்டைக்குக் கறி இல்லை" என்றார். அவ்வளவுதான்.

ஏன் அப்படிச் சொன்னார் என்று எனக்குப் பிறகுதான் விளங்கியது. பிக்கரலின் கண்ணுக்குள்ளே பூனைக்கு இருப்பதுபோல ஒளியைத் திருப்பி அடிக்கிற ஒரு படலம் இருக்கிறது. மங்கல் வெளிச்சத்தில் மற்ற மீன் தடுமாற, இதற்குத் தெளிவாகத் தெரியும். விடியலும் கருக்கலும் அதன் வேட்டை நேரம். வெயில் ஏறினால் ஆழத்துக்கோ பாசிக்குள்ளேயோ போய்விடும். ஏரி கண்ணாடி மாதிரிக் கிடக்கிற வெயிலில் 10 மணிக்குத் தூண்டில் போடக் காசு வாங்குகிறவர், ஒன்று தொழில் தெரியாதவர், இல்லாவிட்டால் தெரிந்தே செய்கிறவர்.

விளம்பரத்தில் இருந்தது மேசை போட்ட பெரிய படகு. வந்தது ஒரு பழைய அலுமினியப் படகு. ஐந்து பேருக்கு நாலு உயிர்காப்பு அங்கி. மகனுக்குக் கொடுத்தது பெரிய ஆளுடையது, கையை உயர்த்தினால் காதுவரை ஏறி நின்றது. படகில் இருக்கிற ஒவ்வொருவருக்கும் அளவான அங்கி இருக்க வேண்டும் என்பது கனடாச் சட்டம். மே மாதத்துத் தண்ணீர் மேலே வெயில் பட்டாலும் உள்ளே குளிர், விழுந்தால் நல்ல நீச்சல்காரனுக்கும் மூச்சு அடைக்கும். அங்கேயே திரும்பியிருக்க வேண்டியவன் நான். திரும்பவில்லை. 300 டொலர் போய்விட்டது, மிச்ச 300ஐயும் துறையில் வைத்தே எண்ணி வாங்கிவிட்டார், மகன் ஏறி இருந்துவிட்டான். என்ர பிழை இது, ஒத்துக்கொள்கிறேன்.

இரண்டரை மணித்தியாலத்தில் ஒரே ஒரு பிக்கரல். பாசி விளிம்பில் மண்புழு கோர்த்த ஜிக்கில், அதாவது ஈயத் தலை வைத்த தூண்டில் முள்ளில், மச்சானுக்குக் கொத்தியது. 17ஆம் வலயத்தில் 35 சென்றிமீற்றரிலிருந்து 50 வரையான பிக்கரலை மட்டும்தான் வைத்திருக்கலாம். சின்னதும் வளரவேண்டும், பெரியது முட்டைத் தாய். ஆள் மீனை அளவுகோலில் போட்டார். வாலை விரித்தபடி வைத்து, "நாற்பத்தொன்பதரை, வைக்கலாம் அண்ணை" என்று மச்சானின் வாளிக்குள் போட்டார். மாமா மீனையும் பார்த்து அவரையும் பார்த்தார்.

பிறகு மீன் இல்லாத குறையை மறைக்க எங்களை ஒரு குடாவுக்குள் கொண்டுபோனார். இடுப்பளவு தண்ணீர், அடிமட்டம் தெரிந்தது. அங்கங்கே சாப்பாட்டுத் தட்டை விடக் கொஞ்சம் பெரிதாக, கூட்டித் துப்புரவாக்கின மாதிரி வெளிறின வட்டங்கள். ஒவ்வொரு வட்டத்துக்கும் மேலே ஒரு மீன் அசையாமல் நின்றது. "பாஸ் தம்பி, மூக்குக்கு முன்னால போடு" என்று மகனுக்குச் சொன்னார். பாஸ் என்பது பிக்கரல் இல்லை, வேறொரு மீன். போட்ட உடனே அடித்தது. மகன் கத்தின கத்தலுக்குக் கரையில் நின்ற பறவைகள் எழும்பின. ஆள் உடனே கைபேசியை எடுத்துப் படம் பிடித்தார்: இப்படித் திருப்பு, அப்படித் தூக்கு, சிரி. இரண்டு மூன்று நிமிடம் போயிருக்கும்.

மாமா மீனைப் பார்க்கவில்லை, தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "தம்பி, இஞ்ச வந்து பாருங்கோ" என்று என்னைக் கூப்பிட்டார். அந்த வெறும் வட்டத்துக்குள் உள்ளங்கை அளவு மீன்கள் ஏழெட்டு இறங்கித் தலையைக் குத்தி எதையோ பொறுக்கித் தின்றுகொண்டிருந்தன. பக்கத்துப் பாசிக்குள் இருந்து இன்னும் வந்தன.

"அது முட்டை. மேல நிண்டது காவல்காரன். விடச் சொல்லுங்கோ அவனை" என்றார்.

பாஸில் கூடு கட்டுவதும் காவல் நிற்பதும் ஆண் மீன். வாலால் கூட்டி வட்டம் போட்டு, பெண் முட்டையிட்டுப் போன பிறகும் நின்று, விசிறி, குஞ்சு பொரித்து நீந்தும்வரை துரத்தித் துரத்திக் காக்கும். அந்த நாட்களில் அது சரியாகச் சாப்பிடுவதில்லை. மகனின் தூண்டிலை அடித்தது பசியில் இல்லை, களவெடுக்க வந்த ஒன்று என்று நினைத்து. கிங்ஸ்டன் குயின்ஸ் பல்கலைக்கழகத்துக்கு ஒப்பினிகன் ஏரியில் ஓர் ஆய்வு நிலையம் இருக்கிறது, இதை அங்கே பல வருடமாகப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். நான் அதையெல்லாம் வீட்டுக்கு வந்துதான் வாசித்தேன். மாமா இந்த மீனை அதற்கு முதல் கண்டதே இல்லை, தண்ணீரைப் பார்த்தே சொன்னார்.

17ஆம் வலயத்தில் பாஸ் தொடங்குவது ஜூன் மூன்றாவது சனி. அந்த வருடம் ஜூன் 15. அதற்கு முதல் பிடித்துவிட்டுத் திருப்பி விடுவதும் குற்றம், பிடிக்கவென்று தூண்டில் போடுவதே குற்றம். "விடுறதுதானே அண்ணை, பிரச்சினையில்லை" என்று ஆள் சொன்னது சுத்தப் பொய்.

மகன் மீனை விட்டுக் கையைக் கழுவுகிற நேரம் குடா வாசலில் ஒரு படகு. மீன்வளக் காவல் அதிகாரி, ஒரு பெண். கன நேரமாகத் தூரக்கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறா. ஆள் முகம் மாறாமல், சிரித்தபடி, தமிழில் மெல்லச் சொன்னார்: "அண்ணை, காசுக் கதை ஒண்டும் வேண்டாம். சொந்தக்காரர் எண்டு சொல்லுங்கோ. ஐயா, நீங்களும்தான்."

அதிகாரி வந்து, நீங்கள் எல்லாரும் ஒருவருக்கொருவர் என்ன முறை என்று கேட்டா. நான் வாயைத் திறக்க முதல் மாமா, அவருக்குத் தெரிந்த இங்கிலீசில், ஆளைக் கையால் காட்டி, "சிக்ஸ் ஹன்றட் டொலர்" என்றார். பிறகு மறந்துபோனதை நினைத்தவர் மாதிரி, "அன்ட் வன் ஹன்றட்" என்றார்.

லைசன்ஸ் எங்கே என்றா. எங்களுக்கு எடுத்துவிட்டதாகச் சொன்னவரைப் பார்த்தேன், அவர் ஏரியைப் பார்த்தார். 11ஆம் திகதி போயிருந்தால் வெளியில் வந்திருக்காத விஷயம். 25ஆம் திகதி லைசன்ஸ் வேண்டும், எங்கள் பெயரில் ஒன்றுமே எடுக்கப்படவில்லை. அடுத்தது வாளி. மீனின் வாயை மூடி, வாலின் இரண்டு இதழையும் விரலால் சேர்த்துப் பிடித்து அளந்தா. 51. அப்படிச் சேர்த்து அளப்பதுதான் முறை, விரித்து வைத்தால் குறையும். மீன் பறிமுதல். எனக்கும் மச்சானுக்கும் லைசன்ஸ் இல்லாததற்குத் தண்டச் சீட்டு, மச்சானுக்கு மீனுக்காக இன்னொன்று. தொகையை எழுதவில்லை, இதை மனிசியும் வாசிப்பா. மகன் சின்னப் பிள்ளை என்று பாஸுக்கு எச்சரித்து விட்டா. "வழிகாட்டி சொன்னார்" என்றேன். தூண்டில் உங்கள் கையில்தானே இருந்தது என்று மரியாதையாகவே சொன்னா. பிறகு ஆளைத் தனியாகக் கூப்பிட்டுக் கனநேரம் கதைத்தா. அவருக்கு என்ன நடந்தது என்று எனக்குச் சொல்லவில்லை.

கரைக்கு வரும்வரை ஒருவரும் கதைக்கவில்லை. துறையில் காசைத் திருப்பிக் கேட்டேன். "உங்கட ஐயாவாலதான் எல்லாம்" என்றார். அன்று இரவே வட்ஸ்அப்பில் தடுத்துவிட்டார். வங்கிக்கு எடுத்தால், இ-ட்ரான்ஸ்பர் மற்றவரின் கணக்கில் விழுந்த பிறகு திருப்ப வழியில்லை என்றார்கள். கடனட்டையில் கட்டியிருந்தால் முறையிட ஒரு வழியாவது இருந்திருக்கும். கடனட்டை வாங்காத ஆளென்றால் அங்கேயே ஒருக்கா நின்று யோசியுங்கோ.

லைசன்ஸை நீங்களே அரசாங்கத் தளத்தில் எடுங்கோ, பத்து நிமிட வேலை. படகின் படத்தை எண் தெரிய அனுப்பச் சொல்லுங்கோ. காசுக்கு ஆள் ஏற்றுகிற படகு ட்ரான்ஸ்போர்ட் கனடாவில் வணிகப் படகாகப் பதிவாகி இருக்க வேண்டும், அதன் எண் 'சி' எழுத்தில் தொடங்கும். இவருடையது 'ஓஎன்' என்று தொடங்கியது, அதாவது வீட்டுப் பாவனைப் படகு. சொந்தக்காரர் என்று ஏன் சொல்லச் சொன்னார் என்பது அப்போதுதான் எனக்கு வெளித்தது. இன்னுமொன்று, "மே மாதத்தில ரைஸ் லேக்கில பாஸ் பிடிக்கலாமோ?" என்று ஒன்றும் தெரியாதவர் மாதிரிக் கேட்டுப் பாருங்கோ. ஓம் என்றால் போனை வையுங்கோ.

இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், போன கிழமை மச்சானுக்கு வேறொரு குழுவில் இருந்து ஒரு விளம்பரம் வந்தது. புதுப் பெயர், புது நம்பர். "மே 10 பிக்கரல் திறக்குது, பாஸும் பிடிக்கலாம், குடும்பமாக வாங்கோ." அதில் சிவப்புத் தொப்பி போட்ட ஒரு பெடியன், காதுவரை ஏறி நிற்கிற செம்மஞ்சள் அங்கியோடு, இரண்டு கையாலும் ஒரு பாஸைத் தூக்கிச் சிரித்துக்கொண்டு நிற்கிறான். பின்னால் பாதி வெட்டுப்பட்டு, தண்ணீரையே குனிந்து பார்க்கிற ஒரு வயசாளியின் முதுகு. அந்தப் படத்தைக் கண்டால் அதுதான் ஆள். பெடியன் என்ர மகன்.