வானம் சரி, வாட்டம் சரியில்லை: திறந்த முற்றத்தோடு சில ஆண்டுகள்

கூடத்துச் சுவரில் இடுப்பளவுக்கு ஓதம் ஏறி, பூச்சு உப்பி உதிரத் தொடங்கிவிட்டது. வேறு வழியில்லாமல் போன வாரம் முற்றத்துத் தரையை உடைத்தோம். உடைத்தது ஆத்தங்குடிக் கல். சூளையில் சுடாமல், கண்ணாடியின் மேல் சிமென்ட் வார்த்துக் கையால் செய்கிற கல் அது. பெயர்த்தால் முழுசாக வராது. புதிதாக வாங்கிப் பதித்த கற்கள், கால் பட்டுப் பட்டு மெருகேறிய பழைய கற்களோடு ஒட்டாமல் தனியாகத் தெரிகின்றன. பார்க்கும்போதெல்லாம் எரிச்சல் வருகிறது.

திருச்சியில் இருக்கிற எங்கள் வீட்டின் மூன்று பக்கத்து ஓட்டுச் சரிவும் முற்றத்தை நோக்கித்தான் இறங்குகிறது. மொத்தம் 600 சதுர அடி. ஐப்பசியில் ஓர் இரவு 10 செ.மீ. மழை கொட்டினால் கூரையிலிருந்து மட்டும் 5,500 லிட்டருக்கு மேல் தண்ணீர் உள்ளே வந்து விழும். அத்தனையும் வெளியேற இருந்தது ஒரே ஒரு வாய், இரண்டரை அங்குலக் குழாய். பவளமல்லிச் சருகு கொஞ்சம் சேர்ந்தாலே அடைத்துக்கொள்ளும். இப்போது வந்த கொத்தனார் ரசமட்டத்தை வைத்துப் பார்த்துவிட்டு, "ஐயா, வாட்டம் கூடத்துப் பக்கம் அல்லவா இருக்கிறது?" என்றார். தண்ணீர் ஓடுவதற்காகத் தரைக்குக் கொடுக்கும் சரிவைத்தான் வாட்டம் என்பார்கள். வீட்டைக் கட்டித் தந்த பொறியாளர் செடித் தொட்டிகளை எங்கே வைப்பது என்று வண்ணப் படம் வரைந்து காட்டியவர். தண்ணீர் போகும் வழிக்கு ஒரு கோடுகூடப் போடவில்லை. இயற்கையை வீட்டுக்குள் கொண்டுவருவதாகப் பேசுகிறவர்கள் மழையும் இயற்கைதான் என்பதை ஏன் மறந்துவிடுகிறார்கள்?

செட்டிநாட்டு வீடுகளைக் கட்டியவர்கள் மறக்கவில்லை. அங்கே முற்றம் தாழ்வாரத்தை விட நன்றாக இறங்கியிருக்கும், விளிம்பில் கல் பாவியிருக்கும், ஓட்டிலிருந்து விழும் மழையை அண்டாவில் பிடித்து வைப்பார்கள். தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு 2003-இல் கட்டாயமாகி இத்தனை காலம் ஓடிவிட்டது. இன்னமும் முற்றத்துத் தண்ணீரைத் தெருவில் விடுகிற வரைபடங்கள்தான் என் கண்ணில் படுகின்றன.

ஆனாலும் இந்த முற்றம் எங்களுக்குத் தந்ததைச் சொல்லாமல் விட்டால் அது அநியாயம். அம்மாவுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்தபோது, படுக்கையைக் கூடத்தில் முற்றத்தைப் பார்த்தாற்போல் போட்டோம். விளக்கு தொங்கும் கம்பியில் தேன்சிட்டு ஒன்று கூடு கட்டிக்கொண்டிருந்தது. ஒட்டடையை அலகில் இழுத்து வந்து நாரையும் சருகையும் அதில் சுற்றிச் சுற்றிப் பின்னும். பக்கவாட்டில் ஒரு வாசல், அதற்கு மேலே சின்னதாக ஒரு தாழ்வாரம் போன்ற நீட்டல். அம்மா அதையே பார்த்துக்கொண்டிருப்பாள். இரவில் வலி வலி என்று புலம்பியவள், காலையில் "இன்னும் அது வரவில்லையே" என்று கேட்க ஆரம்பித்தாள். தொலைக்காட்சியைப் போடச் சொல்லவே இல்லை.

இதைப் பாசத்தில் சொல்வதாக நினைக்க வேண்டாம். ரோஜர் உல்ரிச் என்பவர் 1984-இல் 'சயின்ஸ்' இதழில் எழுதிய ஆய்வு ஒன்று உண்டு. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனையில் 1972 முதல் 1981 வரை பித்தப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களின் பதிவேடுகளை அவர் எடுத்துப் பார்த்தார். சன்னல் வழியே மரம் தெரிந்த 23 பேரையும், செங்கல் சுவர் மட்டுமே தெரிந்த 23 பேரையும் ஒப்பிட்டார். மரத்தைப் பார்த்தவர்கள் சீக்கிரம் வீடு திரும்பினார்கள். கடுமையான வலிமருந்தும் அவர்களுக்குக் குறைவாகத்தான் தேவைப்பட்டது. எங்கள் கூடத்தில் நான் கண்டதும் அதுதான்.

சித்திரை வெயிலிலும் நடுப்பகல் வரை கூடத்தில் மின்விசிறி போதும். சூடான காற்று மேலே ஏறிப் போய்விடும், இரவில் குளிர்ந்த காற்று கீழே இறங்கும். கொசு உண்டு, மாலையில் கதவைச் சாத்தினால் சமாளிக்கலாம்.

தஞ்சாவூரில் மனை வாங்கியிருக்கும் நண்பர், "முற்றம் வைக்கலாமா?" என்று கேட்டிருக்கிறார். வைப்பதென்றால் நான்கு அங்குலக் குழாயாக இரண்டு வாய், எதிரெதிர் மூலைகளில். கூடத்தை விட ஒரு படியாவது இறக்கம். கல் பதிக்கும் முன் வாளி வாளியாகத் தண்ணீரை ஊற்றி அது எங்கே ஓடுகிறது என்று நீங்களே பக்கத்தில் நின்று பாருங்கள். வாட்டம் பார்க்கத் தெரிந்த கொத்தனார் கிடைக்காவிட்டால், அண்ணா, வைக்கவே வேண்டாம். பெரிய சன்னலும் வெளியே ஒரு வேப்பமரமும் போதும். சுவரின் பூச்சு இன்னும் காயவில்லை, கொத்தனாருக்குக் கூலி பாக்கி இருக்கிறது. இன்றைக்கு எங்கள் முற்றத்துக்கு ஐந்துக்கு இரண்டு மதிப்பெண்தான் போடுவேன். இந்த ஐப்பசி ஓதமில்லாமல் கழிந்தால் கார்த்திகையில் மறுபடி கேளுங்கள்.