பைலகுப்பேயில் ஒரு துக்பா கடை, கூடவே பென்பா செரிங் கதை

குஷால்நகரில் பஸ் இறங்கி ஆட்டோ பிடித்தால் கொஞ்ச நேரத்தில் பைலகுப்பே, கர்நாடகத்தில் இருக்கும் திபெத்திய அகதிகள் குடியிருப்பு. எல்லாரும் தங்கக் கோயில் என்று சொல்லும் நம்த்ரோலிங் மடத்தைப் பார்த்துவிட்டு, எதிரே இருக்கும் கடைகளைத் தாண்டி ஒரு சந்தில் திபெத்தியப் பெண்மணி நடத்தும் சின்ன ஓட்டலுக்குப் போனோம். மொத்தம் நான்கு மேசை, கல்லாவுக்கு மேலே தலாய் லாமா படம். கடைக்காரப் பெண்மணியை எல்லாரும் அச்சா-லா என்று கூப்பிடுகிறார்கள், நம்ம அக்கா மாதிரிதான்.

காய்கறி துக்பா, அதாவது திபெத்திய நூடுல்ஸ் சூப், அருமை. நூடுல்ஸ் கையால் இழுத்தது, குழம்பில் மசாலா வாசனையே கிடையாது, பூண்டும் கீரையும்தான், பக்கத்தில் வைத்த மிளகாய்த் துவையலைக் கலந்தால் மூக்கில் நீர் வரும். ஆவியில் வேகவைத்த திங்மோ ரொட்டி பஞ்சு போல இருந்தது. மோமோ வர முக்கால் மணி நேரம் ஆனது, பசியோடு போகிறவர்கள் முதலிலேயே சொல்லிவிடுங்கள். வெண்ணெய்த் தேநீர் உப்புக் கரிக்கும், எனக்கு ஒத்துவரவில்லை.

ஆனால் நான் இதை எழுத வந்த காரணம் வேறு. நாங்கள் தாம்பரம் என்றதும் அச்சா-லா, "பென்பா லா படித்த ஊரா?" என்று கேட்டார். சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் மூன்று வருடம் படித்தவன் நான், அங்கே பொருளாதாரம் படித்த ஒருவர் புலம்பெயர்ந்த திபெத்தியர்களின் சிக்யோங், அதாவது அரசியல் தலைவர் ஆனார் என்பது எனக்கு அதுவரை தெரியாது!

பென்பா செரிங் 1967ல் இதே பைலகுப்பே முகாமில் பிறந்தவர். அன்றைய மைசூர் அரசு கொடுத்த காட்டு நிலத்தை அகதிகளே வெட்டித் திருத்தி மக்காச்சோளம் போட்ட இடம் இது. பள்ளிப் படிப்பும் இங்கேதான். 1996ல் தர்மசாலாவில் இருக்கும் நாடுகடந்த நாடாளுமன்றத்துக்கு உறுப்பினராகப் போனார், 2008லிருந்து 2016 வரை சபாநாயகர். தலாய் லாமா தன் அரசியல் அதிகாரத்தைத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களிடம் ஒப்படைத்த 2011ம் இந்தக் காலத்தில்தான் வருகிறது. 2016 சிக்யோங் தேர்தலில் லோப்சாங் சாங்கேயிடம் தோற்றார். அப்புறம் வட அமெரிக்கப் பிரதிநிதியாக வாஷிங்டன் போனார், அடுத்த வருடமே சாங்கே நிர்வாகம் அவரை அந்தப் பதவியிலிருந்து நீக்கியது. அவர் விடவில்லை. திபெத்தியர்களின் சொந்த நீதி ஆணையத்தில் வழக்குப் போட்டார், 2019ல் தீர்ப்பு அவர் பக்கம் வந்தது. நாடே கையில் இல்லாதவர்கள் தங்களுக்குள் நீதிமன்றம் வைத்து, ஆளும் தரப்பையே அதில் நிறுத்தித் தீர்ப்பும் வாங்குகிறார்கள் என்பது என்னை அசைத்துவிட்டது. 2021ல் 5,000க்கும் மேல் வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்து மே மாதம் பதவியேற்றார். அந்த ஏப்ரலில் முகக்கவசத்தோடு வரிசையில் நின்று ஓட்டுப் போட்டதை அச்சா-லா சொல்லும்போது குரலில் அவ்வளவு பெருமை. யாருக்குப் போட்டார் என்று நான் கேட்கவில்லை.

சரி, ஓட்டலுக்கு வருவோம். நான்கு பேர் வயிறார சாப்பிட்டு எழுநூறு ரூபாய்கூட ஆகவில்லை. ரொக்கம் கொண்டு போங்கள், போன் வழியாகப் பணம் அனுப்ப சிக்னல் கிடைக்கவில்லை. ஷாபாலே (இறைச்சி அடைத்துப் பொரித்த ரொட்டி) வேண்டுமென்றால் மதியம் இரண்டு மணிக்கு முன்னால் போய்விடுங்கள், எங்களுக்குக் கடைசி இரண்டுதான் கிடைத்தது.