'காட்ஸ் நாட் டெட்': நாத்திகர்மேல் ஒரு பொய்சாட்சி

2014-இல் அமெரிக்காவில் வெளியான 'காட்ஸ் நாட் டெட்' ('கடவுள் சாகவில்லை') என்ற கிறிஸ்தவப் படத்துக்கு ஆன செலவு சுமார் 20 லட்சம் டாலர். வசூல் 6 கோடி டாலருக்கும் மேல். அப்புறம் விடுவார்களா? 2016, 2018, 2021, 2024 என்று வரிசையாகத் தொடர் படங்கள் வந்துவிட்டன. எங்கள் திருச்சபைச் சேகரத்து வாலிபர் கூடுகையிலும் முதல் படத்தைத் திரை கட்டிப் போட்டார்கள். முடிந்ததும் பிள்ளைகள் கைதட்டினார்கள். எனக்குத் தட்ட மனசு வரவில்லை. விசுவாசப் பிரமாணத்தை வாரந்தோறும் வரி விடாமல் நம்பிச் சொல்கிறவன் நான். அதனாலேயே இந்தப் படத்தின்மேல் எனக்குக் கோபம்.

கதை இதுதான். கல்லூரி முதலாண்டு மாணவன் ஜாஷ் வீட்டன் தத்துவ வகுப்பில் சேருகிறான். பேராசிரியர் ராடிசன் முதல் நாளே, 'கடவுள் செத்துவிட்டார்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரும்படி எல்லாரிடமும் கேட்கிறார். ஜாஷ் மட்டும் மறுக்கிறான். அப்படியானால் கடவுள் உண்டு என்று வகுப்பின் முன்னால் வாதாடிக் காட்டு, தோற்றால் மதிப்பெண் போச்சு என்கிறார். கெவின் சோர்போ ராடிசனாக நன்றாகவே நடித்திருக்கிறார். ஆனால் அவருக்கு எழுதிக் கொடுத்திருப்பது ஒரு மனிதனை அல்ல. காதலியை மற்ற பேராசிரியர்கள் முன்னால் அவமானப்படுத்துவார், மாணவனைத் தாழ்வாரத்தில் மறித்து மிரட்டுவார். ஒரு நல்ல குணம்? தேடித்தான் பார்க்க வேண்டும்.

கடைசி விவாதத்தில் ஜாஷ், 'நீங்கள் ஏன் கடவுளை வெறுக்கிறீர்கள்?' என்று விடாமல் கேட்கிறான். பேராசிரியர் வெடித்துவிடுகிறார். சிறுவனாக இருந்தபோது நோயில் விழுந்த அம்மாவுக்காக ஜெபித்தவர் அவர். அம்மா பிழைக்கவில்லை. அந்தக் கோபம்தான் இத்தனைக்கும் காரணமாம். 'இல்லாத ஒருவரை எப்படி வெறுக்க முடியும்?' என்று பையன் கேட்டதும் வகுப்பில் ஒவ்வொருவராக எழுந்து நின்று அவன் பக்கம் சேருகிறார்கள். கைதட்டல் கிளம்பிய இடமும் இதுதான்.

எங்கள் அலுவலகத்தில் கருஞ்சட்டை அண்ணாச்சி ஒருவர் இருந்தார். பெரியார் பிறந்தநாளுக்கு எல்லாருக்கும் மிட்டாய் கொடுப்பார். என் அம்மா இறந்தபோது ஆராதனை முழுக்க ஆலயத்தின் பின்வரிசையில் நின்றார். ஜெபத்துக்குத் தலை குனியவில்லை, கல்லறைத் தோட்டம் வரை பெட்டிக்குத் தோள் கொடுத்தார். அவருக்குக் கடவுள்மேல் கோபம் எதுவும் இல்லை. அவருடைய பெற்றோர் தொண்ணூறு வயதுவரை சுகமாக வாழ்ந்தவர்கள். யோசித்து, படித்து, இல்லை என்ற முடிவுக்கு வந்தவர், அவ்வளவுதான். ஒருநாள் சாப்பாட்டு இடைவேளையில், எரிகோ நகரத்தார் வெட்டிக் கொல்லப்படுவதைச் சொல்லும் யோசுவா ஆறாம் அதிகாரத்தை வேதாகமத்தில் திறந்து வைத்துக்கொண்டு, "தம்பி, எரிகோவில இருந்த கைக்குழந்தைங்க என்னடே பாவம் பண்ணுச்சு?" என்று கேட்டார். கேலி இல்லை, உண்மையாகவே கேட்டார். எனக்குத் தெரிந்த பதில்களை எல்லாம் சொன்னேன். ஒன்றுகூட அவருக்குப் போதவில்லை. சொல்லப்போனால் எனக்கும் போதவில்லை.

இப்படி ஒரு ஆளுக்கு அந்தப் படத்தில் இடமே கிடையாது. நம்பாதவன் என்றால் உள்ளுக்குள் நம்பிக்கொண்டே முறைத்துக்கொண்டிருப்பவன் என்று படம் முடிவுகட்டிவிட்டது. அண்ணாச்சியைப் பற்றி நான் இப்படிச் சொன்னால் அது பொய். 'பிறனுக்கு விரோதமாகப் பொய்சாட்சி சொல்லாதிருப்பாயாக' என்ற கட்டளையில் 'விசுவாசியான பிறனுக்கு' என்று போட்டிருக்கவில்லையே.

மற்ற பாத்திரங்களுக்கும் இதே கதிதான். ஏமி என்ற பத்திரிகைக்காரிக்கு நம்பிக்கை இல்லை, அவளுக்குப் புற்றுநோய் வருகிறது. அவளுடைய காதலன் பணக்காரன், அவனுக்கும் நம்பிக்கை இல்லை. பதவி உயர்வைக் கொண்டாட உட்கார்ந்த ஓட்டல் மேசையில் அவள் நோயைச் சொல்கிறாள். இதை நாளைக்குச் சொல்லக்கூடாதா என்று கேட்டு, அங்கேயே உறவை முறித்துக்கொள்கிறான். நம்பாதவர்களில் யாரும் யாருக்கும் ஒரு தம்ளர் தண்ணீர்கூடக் கொடுப்பதில்லை. நல்ல சமாரியன் கதையைச் சொன்னவரின் பெயரில் எடுத்த படம் இது!

ஒரே ஒரு இடத்தில் படம் தன்னையும் மீறி உண்மையைத் தொடுகிறது. ஆயிஷா என்ற முஸ்லிம் பெண் ரகசியமாகக் கிறிஸ்தவப் பிரசங்கம் கேட்பது வீட்டில் தெரிந்துபோகிறது. அப்பா அடித்து வெளியே தள்ளுகிறார். அந்தக் குடும்பத்தைக் காட்டியிருக்கிற விதம் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் கதவைச் சாத்திய பிறகு அந்த அப்பா உடைந்து அழுகிறார். சில நொடிகள்தான். இயக்குநர் ஹெரால்ட் கிராங்க் அவரோடு அங்கே இன்னும் கொஞ்ச நேரம் இருந்திருக்கலாம்.

விவாதக் காட்சிகளைப் பலர் புகழ்கிறார்கள். பெருவெடிப்புக் கோட்பாட்டுக்கு வித்திட்ட பெல்ஜிய அறிவியலாளர் லெமேத்ரை ஜாஷ் தன் பக்கம் சேர்த்துக்கொள்கிறான். லெமேத்ர் கத்தோலிக்கக் குருவானவர், அது சரி. ஆனால் 1951-இல் போப் பன்னிரண்டாம் பயஸ் அந்தக் கோட்பாட்டைப் படைப்புக்குச் சான்றுபோலப் பேசியபோது சங்கடப்பட்டவரும் அவர்தான். தன் அறிவியலை விசுவாசத்துக்கு முட்டுக்கொடுக்க அவர் விரும்பவில்லை. 'கடவுள் செத்துவிட்டார்' என்ற வாசகத்துக்குப் பேர்போன ஜெர்மன் தத்துவவாதி நீட்சேயையும் வெறும் கோஷமாக்கிவிட்டார்கள். 1882-இல் வந்த அவருடைய புத்தகத்தில், பட்டப்பகலில் விளக்கோடு சந்தைக்கு ஓடிவரும் பைத்தியக்காரன்தான் கடவுள் செத்துவிட்டார் என்று கத்துகிறான். அவனைப் பார்த்துச் சிரிப்பவர்கள் கடவுளை நம்பாதவர்கள். நீங்கள் செய்தது எவ்வளவு பெரிய காரியம் தெரியுமா என்று அவர்களிடம்தான் அவன் பதறுகிறான். இதை வகுப்பில் யாராவது வாசித்திருந்தால் படத்தில் உண்மையான ஒரு விவாதம் நடந்திருக்கும்.

எனக்கு இதைவிடப் பெரிய வருத்தம் ஜாஷைப் பற்றி. காதலி விட்டுப்போகிறாள், படிப்பு ஆபத்தில் இருக்கிறது, ஆனாலும் கடவுளைப் பற்றி ஓர் இரவுகூட அவனுக்குச் சந்தேகம் வருவதில்லை. மாற்கு ஒன்பதாம் அதிகாரத்தில் பிள்ளைக்கு வலிப்பு வந்த தகப்பன், 'விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்' என்று கண்ணீரோடு சொன்னான். இயேசு அவனைத் துரத்தவில்லை, பிள்ளையைச் சுகமாக்கினார். 88-ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது. கூடுகையில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளில் எத்தனை பேர் சந்தேகத்தோடு வந்திருப்பார்கள்? சந்தேகம் வந்தால் நீ ராடிசன் என்று அவர்களிடம் சொல்லியாகிவிட்டது.

முடிவில் ராடிசன் மனம் இளகி, காதலியைத் தேடிக் கொட்டும் மழையில் போகிறார். கார் மோதுகிறது. தெருவில் கிடப்பவரை ஒரு போதகர் ஜெபத்தில் நடத்துகிறார், அவர் சாகிறார். சாகிறவன் பக்கத்தில் மண்டியிடுவது போதகரின் வேலைதான், அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் உடல் அங்கேயே கிடக்க, நடந்தது கொண்டாட வேண்டிய காரியம் என்று அந்தப் போதகரும் கூட இருந்த இன்னொரு ஊழியரும் முகமலர்ச்சியோடு பேசிக்கொள்கிறார்கள். பக்கத்து அரங்கத்தில் இசைக் கச்சேரி நடந்துகொண்டிருக்கிறது. லாசரு உயிரோடு எழும்பப்போகிறான் என்று தெரிந்தும் கல்லறைக்குப் போகுமுன் இயேசு கண்ணீர் விட்டாரே. சீலோவாம் கோபுரம் விழுந்து செத்த பதினெட்டுப் பேர் மற்றவர்களைவிடக் குற்றவாளிகளோ என்று கேட்டு, அல்லவென்று சொன்னவரும் அவர்தானே. இந்தப் படத்தில் புற்றுநோயும் விபத்தும் ஆள் பார்த்துத்தான் விழுகின்றன.

2018-இல் வந்த மூன்றாம் படம் கொஞ்சம் பரவாயில்லை. அதே போதகரின் சகோதரர் நம்பிக்கையை விட்ட வழக்கறிஞர், அவரை மனிதராகக் காட்ட முயன்றிருக்கிறார்கள்.

வாலிபர் கூடுகைக்குப் படம் தேடுகிறவர்களுக்கு நான் சொல்வது 2010-இல் வந்த பிரெஞ்சுப் படமான 'ஆஃப் காட்ஸ் அண்ட் மென்'. 1996-இல் அல்ஜீரியாவின் திபிரீன் மடத்திலிருந்து ஏழு துறவிகள் கடத்தப்பட்டுக் கொல்லப்பட்ட உண்மைக் கதை. சுற்றிலும் முஸ்லிம் கிராமம், வயதான துறவி ஒருவர் ஊருக்கே வைத்தியம் பார்க்கிறார். ஆபத்து நெருங்கும்போது, நாங்கள் கிளையில் உட்கார்ந்த பறவைகள்போல, போவோமா இருப்போமா தெரியவில்லை என்கிறார் ஒரு துறவி. கிராமத்துப் பெண் மறுக்கிறாள்: பறவைகள் நாங்கள், கிளை நீங்கள். ஆயுதத்தோடு வரும் தீவிரவாதக் குழுத் தலைவனிடம் மடத்துத் தலைவர் குரானிலிருந்தே வசனம் சொல்கிறார், அன்று கிறிஸ்துமஸ் இரவு என்று தெரிந்ததும் அவன் மன்னிப்புக் கேட்கிறான். துறவிகளில் ஒருவர் இரவில் தனியாக, என்னைக் கைவிடாதேயும் என்று கதறுகிறார்.

படம் மெதுவாகத்தான் போகும், இரண்டு மணி நேரம். வசனங்களைப் பிள்ளைகளுக்கு நடுநடுவே நிறுத்தித் தமிழில் சொல்ல வேண்டியிருக்கும். பெரிய பிள்ளைகளுக்கு மட்டும் போடுங்கள், ரத்தம் தெரிகிற கொலைக் காட்சி ஒன்று உண்டு.